ஒரு சிட்டிகை மருந்து

“கீழ்லயத்துல நீங்க மருந்தடிச்ச மறுநாளே பூனையெல்லாம் செத்துக் கெடந்துச்சு. பூனையைக் கொன்னது புள்ளையைக் கொல்லாதா சாமி?”

கங்காணி வீரணன் கேட்டுவிட்டு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் வாசலில் குறுக்கே நின்றுகொண்டான்.

நியாயமான கேள்விதான்.

போடியிலிருந்து பாதி தூரம் ஜீப்பு, மீதி நடை என்று மலையேறி வந்திருந்தார் ஐசக். கொசுமருந்து அடிக்கிற ஆபீசர். கூட பம்பும் ஆளும், தகர டின் நிறைய வெள்ளைப் பொடியும். அது ஐம்பத்து நாலாம் வருசம். ஏலக்காய் பறிக்க மலைக்குப் போகிற சனத்தை மலைக்காய்ச்சல் தின்றுகொண்டிருந்த காலம். மழை பிடிப்பதற்குள் அத்தனை லயத்துச் சுவரிலும் மருந்து ஏறியாக வேண்டும்.

ஐசக் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

“இதுவும் அதே மருந்துதான்யா. நல்லாப் பாத்துக்க.”

பாதியை உள்ளங்கையில் கொட்டி, எல்லோரும் பார்க்க நக்கித் தின்றார். தின்றுவிட்டு வாயைத் திறந்தும் காட்டினார்.

“செத்துட்டேனா?”

வீரணன் வழியை விட்டான், அரை மனசாக.

அந்த மீதி மனசையும் பிடிக்கத்தான் ஐசக் பேச ஆரம்பித்தார். பேச்சென்றால் பேச்சு, அப்படியொரு பேச்சு. இனி வரப்போகிற நூறு வருசத்தை அந்த வாசலிலேயே விரித்துக் காட்டினார். காய்ச்சல் என்றால் என்னவென்று டாக்டருக்கே தெரியாதாம். நூறு வயசுக்கு முன்னால் ஒருத்தரும் சாகமாட்டார்களாம். ஒரு மூட்டை விளைகிற இடத்தில் பத்து மூட்டை விளையுமாம். கொசு, ஈ, பேன், மூட்டைப்பூச்சி, வண்டு, பூச்சிபொட்டு என்று ஒன்று உலகத்தில் இருக்காதாம்.

“தேனீயுமா சாமி?” என்று எவனோ கேட்டான்.

“எல்லாந்தான்!” என்றார் ஐசக், வாய்க்கு வந்தபடி.

“அப்ப நூறு வயசு வரைக்கும் ஏலக்கா பறிக்கணுமா? அதுக்குக் காய்ச்சலே தேவலையே ஆத்தா!” என்றாள் பாண்டியம்மாள். லயமே சிரித்தது.

அய்யம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். மிஞ்சியது சீனிச்சாமிதான். அவனும் கைகால் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, அவள் இடுப்பில் துவண்டு கிடந்தான்.

“அந்தக் காலம் இவனுக்கும் வருமா சாமி?”

“வரும் தாயி. இவன் பேரன் பேத்தி வரைக்கும் வரும்.”

இதை மட்டும் ஐசக் மனசாரச் சொன்னார். அந்த நூறு வருசத்தை அவர் அப்படித்தான் நம்பியிருந்தார்.

அய்யம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. விறுவிறுவென்று டின் பக்கம் போனாள். குனிந்து கும்பிட்டாள். கோயில் தட்டில் திருநீறு அள்ளுவது மாதிரி மூன்று விரலால் அள்ளி, “கருப்பா, இவனையாவது விட்டுவையி” என்று பிள்ளையின் நெற்றியில் இழுத்தாள்.

நெற்றியில் பூசினால் அடுத்தது வாய்தானே? காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, ஒரு சிட்டிகையை நாக்கில் வைக்காத தாய் அந்த மலையில் உண்டா?

அவள் கை மறுபடி டின்னுக்குள் போனபோதுதான் ஐசக்குக்கு உறைத்தது.

“ஏ தாயி, இரு, இரு! அதுல வேணாம். இந்தா, இதுல எடுத்துக்க!” என்று பொட்டலத்தை நீட்டிக்கொண்டு ஓடினார்.

“ஐயோ, உங்க பங்கு எதுக்கு சாமி? நீங்க இன்னும் எம்புட்டு மலை ஏறணும். இங்கதான் டின்னு நெறையக் கெடக்குதே.”

பொட்டலத்தில் இருந்தது அரிசி மாவு. வறுத்து, சீனி கலந்து, அவர் சம்சாரம் தேவகிருபை காலையில் மடித்துக் கொடுத்தது. இந்த வித்தை இல்லாவிட்டால் ஒரு லயத்திலும் கதவு திறக்காது என்று போன மாசமே கண்டுகொண்டார். டின்னைத் திறக்கும்போது மூக்கோடு வாயையும் சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்கிற மனுசன் அவர்.

“அது விஷம் தாயி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை தப்பித்துவிடுவான்.

ஆனால் வீரணன் விடுவானா? பம்பையும் டின்னையும் ஓடையில் உருட்டிவிடுவான். சேதி அவருக்கு முந்தி மலையேறிவிடும். மேலே ஒரு லயத்திலும் கால் வைக்க முடியாது. மழை வரும், கொசு வரும், ஓடைக்கு அந்தப் பக்கம் குழி தோண்ட இடமிருக்காது. ஒரு சிட்டிகைதானே, ஒன்றும் செய்யாது என்றது மனசு. செய்துவிட்டால் என்றும் அதே மனசு கேட்டது. செத்த பூனை எவ்வளவு தின்றதோ, யார் கண்டது?

அடப்பாவி மனுசா, வாயைத் திற!

திறந்தார்.

“கொஞ்சமா வையி தாயி” என்றார்.

அய்யம்மாள் விரலில் இருந்ததில் பாதியை உதறிவிட்டு, மிச்சத்தைப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். சீனிச்சாமி முகத்தைச் சுளித்தான்.

“மருந்துன்னா அப்படித்தாண்டா இருக்கும், என் ராசா” என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள். சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பின்னாலேயே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்து வந்தார்கள். வீரணன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, டின்னுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“தள்ளாதீக ஆத்தா, வரிசையா வாங்க! எல்லாப் புள்ளைக்கும் உண்டு.”