உட்காராத உறுப்பினர்

“அம்மா, கூட்டம் நாலு நிமிஷத்துல முடிஞ்சு...”

“முடியல. நான் இன்னும் உட்காரல.”

“நேத்து ஆறு மணி நேரம் நின்னீங்க!”

“மதகு உடைஞ்சு கிடக்கு, பேச வேண்டாமா?”

“அதைத்தான் போன மாசமே கட்டியாச்சே!”

மற்ற உறுப்பினர்களுக்குப் பதிலாக அவர்களுடைய இயந்திர நகல்களே வாக்களித்துவிடும். மக்களவைக்கு நேரில் வருபவர் வேதவல்லி மட்டும்தான். உயிருள்ள உறுப்பினர் நின்று பேசிக்கொண்டிருக்கும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது என்ற பழைய விதியை யாரும் நீக்கவில்லை.

“இன்னிக்கு எம் பொண்ணுக்குப் பொறந்தநாள்மா. உங்களுக்காக வீட்ல யாரும் காத்திருக்க மாட்டாங்களா?” என்றார் அவைக்காவலர் மாசிலாமணி.

வேதவல்லி கையிலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

“நீங்க கிளம்புங்க. குழந்தை தேடும்.”

கதவு சாத்திக்கொண்டது. தலைவர் இருக்கையிலிருந்த திரையை வேதவல்லி பார்த்தார்.

“தலைவர் அவர்களே, நீங்களாவது குறுக்கே ஏதாவது கேளுங்களேன்.”