எதற்காக வந்தார்

ஆஸ்பத்திரிக் கோப்புகளைப் படித்து, முதன்மை நோய் எது என்று குறிப்பது என் வேலை. நிமோனியாவும் சுவாசச் செயலிழப்பும் ஒன்றாக இருந்தால் எதை முதலில் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எதுல போனாங்கன்னு பார்க்காதீங்க. எதுக்கு வந்தாங்கன்னு பாருங்க" என்பார் எங்கள் மேலாளர்.

என் கணவரின் கோப்பும் என் மேஜைக்கே வந்தது. மேலாளர் அதை எடுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை. நிமோனியா என்றுதான் சேர்த்தோம். சுவாசம் செயலிழந்தது வார்டுக்குப் போன பிறகு. ஆகவே நிமோனியா முதலில். அவர் உயிரைக் கொண்டுபோனது இரண்டாவது. விதி அப்படி.

மறுநாள் விடுமுறை. மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பா வந்திருக்காரு" என்றாள் மகள், உள்ளறையிலிருந்து.

அவளுடைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை அப்படியே இருந்தது. கட்டில் காலில், ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய நாள் அவர் இருமி இருமி அவளுக்கு ஊதிக் கொடுத்த பலூன். அதை யாரையும் தொட விடமாட்டாள். அன்றும் உப்பலாகத்தான் இருந்தது.

என் வாயில் தொழில்தான் வந்தது.

"எதுக்குங்க வந்தீங்க?"

"கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

தண்ணீர் கொண்டுவரப் போனேன். திரும்பியபோது மகள் மட்டும் இருந்தாள்.

"நான்தாம்மா எடுத்துக்கச் சொன்னேன்" என்றாள்.

பலூன் வெறும் தோலாகத் தொங்கியது. அவர் போட்ட முடிச்சு அவிழவே இல்லை.