ஹீட்டர் பிளக்கும் மாமனார் பெயரும்

எல்லோரும் சுகமா? ஆடு, குதிரை, பிள்ளைகுட்டி எல்லாம் சுகம்தானே? எங்கள் பழைய டீசல் லாரி கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்த காலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

லாரி நிறையக் காய்ந்த புல். கணவாய்க்கு அந்தப் பக்கம், குளிர்காலப் பட்டியில், என் வீட்டுக்காரர் எர்மெக் ஆடுகளோடு காத்திருந்தார். அங்கே தீவனம் தீர்ந்து போயிருந்தது. மதியத்துக்குள் பனி கணவாயை மூடிவிடும்போல வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மாமனார் பானெட்டைத் திறந்து ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவை சூடேறிப் பழுத்தால்தான் எங்கள் நாரின் மலைநாட்டுக் குளிரில் எஞ்சின் உயிர்பிடிக்கும்.

நான் டிரைவர் சீட்டில், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி. பிளக்கில் மாட்டிய டெஸ்ட் லைட்டை என் முன்கண்ணாடி மேல் தொங்கவிட்டிருந்தார். அவருக்குப் பார்வை மட்டு.

"எரியுதா பிள்ள?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாரு. உன் வீட்டுக்காரன் மாதிரி கண்ணத் தொறந்துகிட்டே தூங்காத."

"கரண்டே வரல மாமா."

ஒவ்வொரு பிளக்காக மாட்டிப் பார்த்தார். எதிலும் எரியவில்லை.

"சரி, விடு. ஈதர் அடிச்சுக் கிளப்பிடுவோம். சாவியத் திருப்பியே வச்சிரு. நான் சொன்னதும் ஸ்டார்ட் பண்ணு."

ஈதர் சட்டெனத் தீப்பற்றும் ஸ்ப்ரே; பிளக் செத்திருந்தால் அடிக்கலாம், தப்பில்லை. சூடான பிளக்கில் அந்த ஆவி பட்டால் வெடிக்கும். பக்கத்து வீட்டு ஷாமுரத்துக்கு ஒரு கண் போனது அப்படித்தான்.

அவர் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டு காற்றுக் குழாய் மேல் குனிந்தார்.

உள்ளே எங்கோ 'டக்' என்றது. லைட் எரிந்தது; பிளக்குக்குக் கரண்ட் வந்துவிட்டது.

சாவியை வெடுக்கென்று திருப்பிக் கரண்டை அணைத்தேன். அணைத்தால் ஆகுமா? பழுத்த பிளக் உடனே ஆறாது.

"மாமா!"

"இரும்மா, இரும்மா." திரும்பவே இல்லை.

ஹாரனை அழுத்தினேன். அது போன வருஷமே ஊமையாகிவிட்டது.

ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் என் வாய்க்குக் கிடையாது.

எங்கள் மொழியில் 'நில்' என்பதற்குத் 'தொக்தோ' என்போம். மாமனார் பெயர் தொக்தோசுன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது, பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. பஸ்ஸை நிறுத்தக்கூட, "அண்ணே, கொஞ்சம் ஓய்வெடுங்க" என்பேன். டிரைவர்கள் சிரிப்பார்கள்.

அவர் விரல் டப்பாவின் மூடியில் அழுந்தப் போனது.

"தொக்தோ!"

கை அப்படியே நின்றது.

சமையலறை வாசலில் அத்தை, பால் வாளியோடு, வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரே அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

இறங்கிப் போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். "லைட் எரிஞ்சிருச்சு மாமா. பிளக் சூடா இருக்கு."

டப்பாவை மெல்லக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கம்மா கூப்பிட்டாங்களோன்னு நெனச்சேன்."

அவர் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. நான் இந்த வீட்டுக்கு வருமுன்பே போய்விட்டவர். மாமனார் வயதுக்காரர்களும் ஊரில் யாரும் மிச்சமில்லை. மற்ற எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'தான்.

நான் மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினேன். லைட் எரிந்தது. கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது. கணவாய் மூடுமுன் கடந்தும்விட்டோம்.

கிளம்புமுன் மாமனார் என் பக்கத்துக் கதவருகே வந்தார். எஞ்சின் சத்தத்தில் அத்தைக்குக் கேட்டிருக்காது.

"இன்னொரு தடவ சொல்லேன்."

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் யார் இருக்கிறார்கள்? எனக்கு எழுதுங்கள்.