ஃபுளோரிடா நம்பர் வண்டி

"இந்த வண்டியைத் தெருவில நிறுத்த பர்மிட் கிடையாதுங்க. ஃபுளோரிடா நம்பர் பிளேட்டை வச்சுக்கிட்டு பாஸ்டன்ல குடியிருக்கறேன்னு சொன்னா நான் எப்படி எழுதித் தர்றது?"

நகராட்சி பார்க்கிங் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யோலாண்டா இதைச் சொல்லியே தொண்டை கட்டியவள். கேட்டவுடன் போய்விடுகிறவர்களும் உண்டு. கிரெக் போவதாக இல்லை. அவன் மாமியார் மார்லீன், கைப்பையை அணைத்தபடி பக்கத்தில் நின்றாள்.

"மேடம், இவங்க என் மனைவி ஷானனோட அம்மா. மாமனார் போன கோடையில தவறிட்டாரு. தனியா இருக்க வேண்டாம்னு நாங்கதான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தோம். ஆனா வண்டி இல்லாத இடத்துல இருக்க மாட்டேன்னு வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. வண்டி நிறுத்த வழியில்லேன்னா கிளம்பிடுவாங்க. ஷானன் அழுதே ஓய்ஞ்சிடுவா."

"ஒரு பால் வாங்கணும்னாகூட யாரையாவது கூட்டிட்டுப் போன்னு கெஞ்ச என்னால ஆகாது," என்றாள் மார்லீன்.

யோலாண்டாவுக்கு மனசு இளகிவிட்டது. அவளுக்கும் ஒரு மாமியார் உண்டு. மாமியாரைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கெஞ்சும் மருமகனை அவள் இந்தக் கவுண்டரில் பார்த்ததில்லை.

"தெருவில எத்தனையோ வெளியூர் வண்டி நிக்குது," என்று கிரெக் பொருமினான். "அதையெல்லாம் யாரும் கேக்கறதில்லை. இவங்க வண்டிக்கு மட்டும் விடிஞ்சா அபராதச் சீட்டு. எவ்வளவு சொன்னாலும் கேக்காம அதையும் இவங்களே கட்டறாங்க. யாரோ போன் போட்டு மாட்டி விடறாங்க மேடம். யாருன்னும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு டெலூக்கா அம்மா."

"அந்தம்மாவுக்கு என்ன கோபம்?"

"பனி கொட்டின அன்னிக்கு அவங்க இடுப்பொடிய வெட்டித் தள்ளி, சுத்தம் பண்ணின இடத்துல நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. பனியை வெட்டினவங்க நாற்காலி போட்டா அந்த இடம் அவங்களுக்குத்தாங்கற இந்த ஊர் வழக்கம் இவங்களுக்குத் தெரியுமா? நாற்காலியை எடுத்து ஓரமா வச்சிட்டு வண்டியை விட்டுட்டாங்க."

யோலாண்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் கூடப்பிறந்தவன்கூட அப்படிப்பட்ட நாற்காலியைத் தொட மாட்டான்.

"டயர்ல காத்து மிஞ்சினதே பெரிசு," என்றார் வரிசையில் அடுத்து நின்ற கிழவர்.

"டெலூக்கா பாவம், நல்ல பொம்பளை. அவளை ஒண்ணும் சொல்லாதே," என்றாள் மார்லீன்.

"இவங்க மனசு இப்படி மேடம். நான்தான் அந்த வீட்டோட பேச்சை நிறுத்திட்டேன்."

யோலாண்டா குரலைத் தணித்தாள். "ஒரு வழி இருக்கு. வண்டியை இங்கே பதிவு பண்ணிப் பிளேட்டை மாத்திக்குங்க. அப்புறம் அம்மா பேருல அந்த விலாசத்துக்கு வந்த கேஸ் பில்லோ கரண்ட் பில்லோ கொண்டு வாங்க. கையோட குடுத்திடறேன்."

கிரெக்கின் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதானே. கேஸ் பில்லை இன்னிக்கே அம்மா பேருக்கு மாத்திடறேன்."

"நீ அடுப்பெரிக்கிற கேஸுக்கு என் பேருல பில்லா? பொய்க் கணக்கு காட்டி எனக்குப் பழக்கமில்லை, கண்ணு," என்றாள் மார்லீன். "அப்புறம் அந்தப் பிளேட்டு. உன் மாமனார் வெயில்ல குந்தி உக்காந்து தன் கையால மாட்டினது. நீ கழட்டுவியா?"

கிரெக் தலையைச் சொறிந்தான். ஆனாலும் அவன் சளைக்கிற ஆள் இல்லை.

"சரி, ஃபுளோரிடா வண்டியை என் தம்பி வீட்டு ஷெட்ல பத்திரமா நிறுத்திடலாம். என் வண்டியை நீங்க வச்சுக்குங்க. அதுக்கு பர்மிட் இருக்கு. நான் ரயில்ல ஆபீஸ் போயிக்கறேன்."

வரிசையில் நின்ற கிழவர்கூட நிமிர்ந்து பார்த்தார். மார்லீன் மருமகனின் கன்னத்தைத் தட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"உன்னை மாதிரி பிள்ளை யாருக்கும் கிடைக்காது. ஆனா உன் வண்டி கியர் வண்டி. இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் கிளட்ச் மிதிக்க முடியுமா?"

கிரெக் சோர்ந்து போனான். "ஷானன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு. நீயும் பாத்தே, நானும் பாத்தேன், சட்டம் இடம் குடுக்கலை. யார் மேலயும் யாருக்கும் வருத்தம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன். நீ போய் வண்டியை வாசலுக்குக் கொண்டு வா."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனான். யோலாண்டாவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. ஒரு நல்ல குடும்பத்தைப் பிரிச்சு வச்ச பாவம் எனக்கு."

மார்லீன் கவுண்டர் கண்ணாடி அருகே குனிந்தாள்.

"பாவமா? புண்ணியம்னு சொல்லு. அங்கே என் வீடு இருக்கு, வாசல்ல எலுமிச்சை மரம் இருக்கு, கூடிச் சீட்டாட சிநேகிதிங்க இருக்காங்க. எனக்கு அங்கே போகணும். அதைப் பெத்த பொண்ணு முகத்தைப் பாத்துச் சொல்லத்தான் முடியலை."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தினமும் விடியக்காலம் என் வண்டி நம்பரை நான் போன்ல சொன்னதும் ஒரு நாள்கூடத் தவறாம ஆளை அனுப்பினீங்களே, அதுக்கு நன்றி சொல்லத்தான் நின்னேன்."