சொல்லிட்டுப் போங்க

கண்ணாடியில் சாலை தெரியவில்லை.

பின்சீட் தெரிந்தது.

அவன் கையை நீட்டி பைக்கின் வலப்பக்கக் கண்ணாடியைத் திருப்பினான். தெரு, எதிர்வீட்டு மதில், பால்காரரின் சைக்கிள். சரி. ஸ்பேனர் போட்டு நட்டை இறுக்கினான்.

நேற்றும் இறுக்கினான். முந்தாநாளும்.

வண்டி வந்து ஆறு நாள்.

கல்லூரிக் காலத்திலிருந்து அவன் போனின் முகப்பில் படமாக நின்ற வண்டி. நான்கு சிலிண்டர். முன்னால் பெரிய காற்றுத்தடுப்பு. இருபுறமும் பெட்டி. திருப்பூரில் காலையில் கிளம்பினால் சாயங்காலம் கன்னியாகுமரியில் கடல் பார்க்கலாம். புதிது வாங்க இந்தப் பிறவியில் முடியாது. பழையது, ஒரே ஒருவர் கை மட்டும் பட்டது, பொள்ளாச்சியில் கிடைத்தது.

அந்தக் கைதான் சிக்கல்.

கிளட்ச் அந்தக் கைக்குப் பழகியிருந்தது. கியர் அந்தக் காலுக்கு. ஒவ்வொன்றாகத் தன் உடம்புக்கு மாற்றினான். கிளட்ச் கேட்டது. கியர் கேட்டது.

பின்பக்கம் மட்டும் கேட்கவில்லை.

சீட்டுக்குக் கீழே ஒரு திருகு. ஒருவர் போனால் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும். இருவர் போனால் இறுக்க வேண்டும். அவன் தளர்த்திவிட்டு, வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஷெட்டைப் பூட்டிவிட்டுத் தூங்கினான். சாவி தலையணைக்கு அடியில்.

காலையில் கோடு வேறு பக்கம் பார்த்தது. ஸ்பிரிங் இறுகியிருந்தது.

நண்பன் சிபி வண்டி பார்க்க வந்தான். உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டினான்.

"ஏன்டா, ஒரு புள்ளயும் உன்னத் திரும்பிப் பாக்கல. உனக்கெதுக்குடா டபுள்ஸ் செட்டிங்?"

அவனும் சேர்ந்து சிரித்தான்.

சிபியிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. அப்படி இறுகிய ஸ்பிரிங்கில் ஒற்றை ஆள் போனால் வண்டி கல்லுக்குக் கல் குதிக்கும்.

இது குதிக்கவில்லை.

பதமாக அமுங்கித்தான் ஓடியது.

வாங்கிய அன்று, வண்டியை விற்ற அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது தாண்டியிருக்கும். ஆர்.சி. புத்தகம், இரண்டு சாவி, வண்டி துடைக்கும் துணி ஒன்று. துணியைக்கூடத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

"வீட்டுக்காரரு வண்டிங்க. வால்பாறை ரோட்டுல ஓரமா ஸ்டாண்டு போட்டு நின்னுச்சு. சாவி அதுலயே. ஒரு கீறல் இல்லீங்க, பாருங்க."

அவன் பார்த்தான். இல்லை.

"அவருங்க்கா?"

"தேடுனாங்க. மூணு வருசமாச்சு."

துணியின் மடிப்பை விரலால் நீவினாள்.

"சண்டைதான். அன்னிக்குக் கெளம்பறப்ப 'போறேன்'னாரு. வர்றேன்னு சொல்லலீங்க."

அவன் ஹெல்மெட்டை மாட்டினான். ஸ்டார்ட் செய்தான். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னதெல்லாம் மறந்துபோனது. நாக்கு மட்டும் வழக்கம்போல் தன் வேலையைப் பார்த்தது.

"போயிட்டு வர்றனுங்க்கா."

வண்டி வாங்கிப் போகிறவன் திரும்பி வர அங்கே என்ன இருக்கிறது? எல்லோரும் சொல்வதுதான்.

அவள் நிமிர்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"சரி. வாங்க."

இன்று ஞாயிறு. உடுமலை வரை போய் வருவதாகத் திட்டம். கண்ணாடியைத் திருப்பியாயிற்று. திருகையும் தளர்த்தியாயிற்று.

"என் வண்டி," என்று டேங்கைத் தட்டிச் சொன்னான்.

பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டுக்குச் சாய்த்தான்.

வண்டி சாயவில்லை.

பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் எப்படியோ, அப்படி. நிமிர்ந்து நேராகப் பொள்ளாச்சி ரோட்டில் ஏறியது.

பிரேக் பிடித்தான். முதுகில் ஒரு பாரம் வந்து முட்டி, நாகரிகமாக விலகிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவன் பிரேக் பிடிக்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று தெரியும்.

நெகமம். தென்னந்தோப்பு. பளீரென்று வெயில். கழுத்துக்குப் பின்னால் மட்டும் குளிர்.

கேட் திறந்திருந்தது.

வண்டி வாசலில் நின்றது. அவன் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். பின்பக்கம் ஒருமுறை அமுங்கியது. பிறகு மெல்ல எழுந்தது.

இரண்டு விரல் உயரம்.

ஒருவர் இறங்கினால் அவ்வளவுதான் எழும்.

அக்கா படியில் நின்றிருந்தாள். தலையில் பூ. உள்ளே மேசையில் இரண்டு தட்டு.

"இட்லி ஆறுது. கை கழுவிட்டு உக்காருங்க."

அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. படியிறங்கி வந்து கேட்டை இழுத்துச் சாத்தினாள்.

அவன் வண்டியைத் திருப்பினான். வாசல் பள்ளத்தில் இறங்கியபோது பின்பக்கம் துள்ளியது. குதிரை மாதிரி. காலையில் தளர்த்திய ஸ்பிரிங் இறுகியிருந்தது. இப்போது ஒற்றை ஆள் வண்டி. கண்ணாடியில் சாலை தெரிந்தது. முழுதாக.

ஆறு நாளில் முதல்முறையாக அவனுடையது.

"தம்பி." கேட்டுக்கு உள்ளிருந்து குரல். "சொல்லிட்டுப் போங்க."

கிளம்புகிறவனுக்கு இரண்டு சொல்தான் உண்டு: வர்றேன், போறேன்.

ஒன்றைச் சொன்னால் வண்டி மறுபடி இங்கே வந்து நிற்கும்.

மற்றதைச் சொன்னவர் வீடு திரும்ப மூன்று வருடம் ஆனது.

அவன் வாயைத் திறந்தான்.

பேசத் தெரிந்த நாளிலிருந்து ஒன்றைத்தான் சொல்லிப் பழகியிருந்தான்.