பாஞ்சாலையின் மாத்திரை

"இன்னா வேடியப்பா, பாஞ்சாலை எப்பிடி இருக்கா?"

டாக்டர் பஞ்சாட்சரம் இப்படிக் கேட்டதும் வேடியப்பன் முகம் மலர்ந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

"கை நடுக்கம் நிக்கலீங்க. கஞ்சிக் கிண்ணத்தப் புடிச்சா பாதி மேலதான் ஊத்துது. நெஞ்சு வேற திக்கு திக்குன்னு அடிச்சிக்குது. தூக்கமே இல்ல."

"ரெண்டு மாத்திரைய ஒண்ணரையாக் கொறைச்சேனே, அப்பவுமா?"

"அப்பவும்தாங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாஞ்சாலையை டோலி கட்டி ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பு ஊதி, குரல் கம்மி, கோடை வெயிலிலும் கம்பளி கேட்டாள். தைராய்டு சுரப்பு குறைச்சல் என்று மாத்திரை எழுதிய டாக்டர், மாதா மாதம் இந்தப் பாடு வேண்டாம், புருஷன் வந்து சொன்னால் போதும் என்றுவிட்டார்.

அன்று தொட்டு வேடியப்பன் மாதம் தவறாமல் மலை இறங்கி வருகிறார். சாமை விளையும் கொல்லைக்கு நடுவே ஒற்றை வீடு அவருடையது. மாதம் முழுக்க அவர் காத்திருப்பது இந்தக் கால்மணி நேரப் பேச்சுக்குத்தான். அதற்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார். இல்லாத நோவைச் சொன்னால் பாவம் என்பது அவர் கட்சி.

"இளைச்சிட்டாளா? வளையல் கழண்டு விழுதா?"

வேடியப்பன் கொஞ்சம் யோசித்தார். "அரைஞாண் கவுறு இடுப்புல நிக்கலீங்க."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"மாத்திரைய கொறைச்சும் அடங்கலன்னா இனிமே ஆளப் பாக்காம மருந்து குடுக்கக்கூடாது. அடுத்த வாட்டி அவளைக் கூட்டிட்டு வா."

வேடியப்பன் மடியிலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். இந்த வாசலும் அடைபட்டால் அப்புறம் எங்கே போவது?

"அது எறங்கி வராதுங்க."

"அப்போ ஞாயித்துக்கிழமை நானே ஜீப்புல வர்றேன்."

"வேணாங்க!" பதறி எழுந்தவர் கையிலிருந்த மாத்திரைப் புட்டி நழுவி உருண்டது. எடுக்கப் போன விரல்கள் அதைப் பிடிக்க முடியாமல் வெடவெடத்தன.

டாக்டர் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தாம் எழுதிய கடைசி வரியைப் பார்த்தார். சட்டென்று எட்டி வேடியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, பொம்பளை எங்கியாவது அரைஞாண் கட்டுவாளா? அவ மாத்திரைய நீயா தின்ற? உசிருக்கு வினையாச்சே, எதுக்குய்யா?"

"திங்காம இங்க வந்து இன்னா நோவச் சொல்றதுங்க?"

"அப்போ பாஞ்சாலை?"

வேடியப்பன் புட்டியைத் துண்டில் முடிந்துகொண்டார்.

"அது செத்து ஆறு மாசம் ஆவுதுங்க. எப்பிடி இருக்கான்னு கேக்க உங்கள வுட்டா ஆரு இருக்காங்க?"