மேற்குச் சுவரில் லாசர்

"அந்தச் சுவரை இடிக்கிறதும் நெதெல்யா அத்தையை உயிரோட புதைக்கிறதும் ஒண்ணுதான்," என்றாள் ஸ்னெஷானா.

இடம் நகரசபைக் கூடம். ஸ்னெஷானா எங்கள் பள்ளிக்கூடத்தின் வரலாற்று ஆசிரியை. பழைய வெந்நீர்க் குளிப்பகத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தே தீர வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறவள். இன்று வாக்கெடுப்பு. ஜெயித்தால் அதன் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்க முடியாது. தோற்றால் பனி உருகும்போது அந்த இடத்தில் வெறும் தரைதான் இருக்கும்.

வெளியே இலையுதிர்கால மாலை. குளிப்பகத்து வெந்நீர் ஊற்றிலிருந்து எழும் நீராவி எப்போதும்போலச் சதுக்கத்தைத் தாண்டி வந்து ஜன்னல்களில் படிந்திருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிரே குளிப்பகம் பாதி இருந்தது, பாதி இல்லை. உறுப்பினர்கள் அரைக்கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சண்டைகூடக் கொட்டாவியோடுதான் நடக்கும்.

இடிக்கச் சொன்னவன் பொறியாளர் யாவோர். கெட்டவன் இல்லை. சுவரெல்லாம் விரிசல், கூரை எந்த நேரமும் விழலாம், ஊற்றுநீரைக் குழாயில் கொண்டுபோய்ப் புதிதாக ஒன்று கட்டலாம் என்று பொறுமையாகவே விளக்கினான்.

"நீ பொறந்தப்ப உங்கம்மா உன்னை அங்கதானேடா குளிப்பாட்டினா," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "அப்பவே உன் வாயையும் கழுவியிருக்கணும்."

கூடம் சோம்பலாகச் சிரித்தது. யாவோரும் சிரித்துவிட்டான். ஆனால் எல்லாருடைய கண்ணும் முதல் வரிசை ஓரத்தில் கறுப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்த நெதெல்யாவிடம் போய்ப் போய்த் திரும்பியது.

அவள் கதை ஊருக்கே தெரியும். அவள் இளம்பெண்ணாக இருந்தபோது வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு குளிப்பகத்தின் மேற்குச் சுவரைத் திரும்பக் கட்டினார்கள். எழுப்ப எழுப்பச் சரிந்தது. கொத்தனார்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய வழியில் இறங்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிற ஒருவனின் நிழலை அவனுக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலைக் கல்லுக்கு அடியில் வைத்துக் கட்டிவிட வேண்டும். நிழலுக்குரியவன் நாற்பது நாளுக்குள் செத்துப்போவான். அதன்பிறகு சுவர் விழாது. உள்ளே நின்று அவன் தாங்கிக்கொள்வான்.

அன்று அந்தப் பக்கம் போனவன் லாசர், நெதெல்யாவின் கணவன். கல்யாணமாகி ஒரு குளிர்காலம்கூட முடிந்திருக்கவில்லை. நாற்பது நாள் முடிவதற்குள் அவன் செத்துப்போனான். டாக்டர் நிமோனியா என்றார். சுவர் நின்றதைப் பார்த்த ஊர் அவரை நம்பவில்லை.

அன்றிலிருந்து மழையோ பனியோ, பொழுது சாயும்போது நெதெல்யா அங்கே போய்விடுவாள். சுவரடியில் அவனுக்கென்று கொஞ்சம் சிவப்பு ஒயினை ஊற்றிவிட்டு, கல்லில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி நிற்பாள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். இளம் ஜோடிகள் தூரத்தில் நின்று அதைப் பார்ப்பார்கள். அவளை மாதிரி அன்பு செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் சத்தியம் செய்யாத காதலர்கள் இல்லை.

"அது கட்டடம் இல்ல, அவங்க குடும்பம் நடத்துற வீடு," என்றாள் ஸ்னெஷானா. "எந்தக் காலத்துக்கும் அப்படியே நிக்கணும்."

நெதெல்யா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாவோர் ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வரைபடத்தைச் சுருட்டினான்.

"நிழலையெல்லாம் என்னால கணக்குல எடுத்துக்க முடியாது," என்றான். "ஆனா அத்தை மனசை உடைச்சிட்டு இந்த ஊர்ல என்னால நடக்கவும் முடியாது. நான் விலகிக்கிறேன்."

கூடம் முழுவதும் எங்கள் ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாக ஆட்டி ஆமோதித்தது. ஸ்னெஷானா அழுதேவிட்டாள். வாக்கெடுப்பு வெறும் சடங்கு என்றாகிவிட்டது. தலைவர் பிளாமென் மணியை எடுத்தவர், மரியாதைக்காக நெதெல்யாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நெதெல்யா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். முதுகு நிமிரவில்லை.

"எல்லாரும் எனக்காகத்தான் பேசினீங்க. நல்லா இருங்க," என்றாள். "என்னை இத்தனை நாளா ஒருத்தரும் கேக்கலையே."

ஸ்னெஷானா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நெதெல்யா அந்தக் கையை அன்பாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஆவி மூடிய ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"நான் அங்க போறது அவரு மேல சாஞ்சுக்கிறதுக்குன்னு நெனச்சிட்டீங்க. பாவம், ராவும் பகலும் ஒத்தை ஆளா சுமக்குறாரு. நான் முட்டுக் கொடுக்குற அந்தக் கொஞ்ச நேரமாவது கையைக் கீழ போடட்டும்னுதான் போனேன். இப்ப எனக்கும் முதுகு விட்டுப்போச்சு, எனக்கப்புறம் அவரை மாத்திவிட ஆளும் இல்ல. யாவோரு, நாளைக்கே அதை இடிச்சிடுப்பா. அந்த மனுஷன் கொஞ்சம் படுக்கட்டும்."